குளிர்காய்ச்சல் எப்படிக் குறைந்தது?



லாயாங் லாயாங்கில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "காய்ச்சல் வந்தா மருந்து கொடுக்கத்தான் டிரெஸர் நீங்க இருக்கீங்களே. அப்புறம் சுகாதார இலாகா ஆளு எதுக்கு என் வீட்டுத் தண்ணித் தொட்டியை எட்டிப் பார்க்கணும்?" நியாயமான கேள்விதான்.

பதில் கிள்ளானில் இருக்கிறது. 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே மாவட்ட வைத்தியராக வந்தபோது ஊரே மலேரியாவில் படுத்துக் கிடந்தது. கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அந்த ஆண்டு இறந்தவர்கள் 582 பேர். கொயினா கொடுத்து ஒருவரை எழுப்பினால் அடுத்தவர் படுப்பார். ஆகவே சதுப்பு நிலத்தை வடியவிட்டு, சுற்றியிருந்த காட்டை வெட்ட ஏற்பாடு செய்தார்கள். மறு ஆண்டு இறப்பு 144.

ஆனால் மேட்டுத் தோட்டங்களில் காட்டை வெட்டியதே வினையாய்ப் போனது. வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீரில்தான் அங்குள்ள கொசு முட்டையிடும்! ஆகவே சில இடங்களில் ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விட்டார்கள். மற்ற இடங்களில் எண்ணெய் அடித்தார்கள். எண்ணெய் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாய் நடந்தது நம்ம பாட்டன்மார். பாராட்டு என்னவோ துரைமாருக்குப் போனது.

1967-ல் அரசாங்கம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வீடு வீடாகச் சுவருக்கு மருந்து அடித்தார்கள். காய்ச்சல்காரர் விரலைக் குத்தி இரத்தம் பார்த்தார்கள். 2018-ல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் வரவில்லை. குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் மலேரியா மட்டும் இன்னும் உண்டு. அதன் கிருமி நாளுக்கொரு முறை பெருகும். காட்டோரம் வேலை செய்பவர்கள் காய்ச்சல் கண்டால் பனடோலைப் போட்டுப் படுத்துவிடாதீர்கள். காட்டுப் பக்கம் போனதைச் சொல்லி இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் தொட்டிக்கு வருவோம். டெங்கிக் கொசு ஓடையைத் தேடிப் போவதில்லை. மூடாத தொட்டி, டிரம், பூச்சாடித் தட்டு போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதற்காகத்தான் 1975-ல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதிகாரி வீட்டுக்குள் வந்து பார்ப்பது அந்தச் சட்டப்படிதான். லயத்தில் பத்தொன்பது வீடு தொட்டியை மூடி, ஒரு வீடு கதவைச் சாத்திக்கொண்டால், அந்த வீட்டுக் கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். அப்புறம் என்னிடம் வந்தால், டெங்கிக் கிருமியைக் கொல்லும் மருந்து என் அலமாரியில் கிடையாது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

இன்னொன்று. கூரைப் பீலி அடைத்துத் தண்ணீர் தேங்கினால் நீங்களே தகரத்தில் ஏறாதீர்கள். கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்; அது நிர்வாகம் செய்யவேண்டிய வேலை.