பத்தாவது முடித்த பிள்ளைக்கு என்ன வழி?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வெளியாகிறது. அந்த நாட்களில் காஞ்சிபுரம் வட்டாரத்துச் சிறு விவசாயிகளின் வீடுகளில் ஒரே கேள்விதான். பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, தறியில் உட்கார வைப்பதா, ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு அனுப்புவதா? ஏரிப் பாசனத்தை நம்பி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கையில் உடனே காசு தருவன பின்னிரண்டும்தான். அதனால் முடிவும் அவசரத்தில் எடுக்கப்படுகிறது.

முதலில் தறியைப் பார்ப்போம். காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே சேர்த்து நெய்வது கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொரு கையும் வேண்டும். அந்தக் கைக்காகப் பிள்ளைகளைக் கேட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இப்பகுதியில் நெடுங்காலம் இருந்தது. முன்பணம் வாங்கியபின் பிள்ளை படிக்கப் போக நினைத்தாலும் கடன் காலைக் கட்டும். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் நிறுத்தி வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பதை விவசாயிகள் அறிந்திருக்க வேண்டும். நெசவு நல்ல தொழில்தான். ஆனால் பத்து ஆண்டு உதவிக் கையாக இருந்தாலும் அதற்கு ஒரு சான்றிதழ் கிடையாது.

கம்பெனி வேலைக்கும் இது பொருந்தும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலையில் பிளஸ் 2 முடித்த கிராமத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். 2014-இல் அது மூடப்பட்டது. ஆலை மூடினாலும் தொழில் சான்றிதழ் வைத்திருப்பவர் அதை அடுத்த ஆலையின் வாசலில் காட்டலாம். பிளஸ் 2 மட்டும் உள்ளவர் மறுபடியும் புதிய ஆளாகவே நிற்க வேண்டும்.

சரி, பிள்ளை பெயிலாகிவிட்டால்? பயப்பட வேண்டியதில்லை. போன பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதித் தேறி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். அதுவும் முடியாத பிள்ளைக்கு ஐ.டி.ஐ. என்னும் தொழிற் பயிற்சி நிலையம் இருக்கிறது. எட்டாவது தேறியவர்களுக்கே சில தொழிற் பிரிவுகளில் இடம் உண்டு. வெல்டர் ஓராண்டு, எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டாண்டு. அரசு நிலையங்களில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித் தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல் ஆகியவையும் தரப்படுகின்றன. எலக்ட்ரீஷியன் படித்த பிள்ளை ஊரில் இருந்தால் கிணற்று மோட்டாருக்கு ஆள் தேடி அலையும் வேலையும் மிச்சம்!

ஐ.டி.ஐ.யோடு படிப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்தாவதும் இரண்டாண்டு ஐ.டி.ஐ.யும் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் டிப்ளமோவுக்கு மூன்று ஆண்டு. சேரும்போது ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள். ஐ.டி.ஐ. என்றால், முடிவில் தருவது மத்திய அரசின் தேசியத் தொழிற் சான்றிதழா? பாலிடெக்னிக் என்றால், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா? தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கும் பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் இதற்குப் பதில் வராது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நம் பக்கத்து ஊர்ச் சங்கதி. முதலாம் பராந்தகன் காலத்தது, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலி நிலம் வேண்டும் என்கிறது. அரைக்கால் வேலி மட்டுமே உள்ளவனும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் தகுதி உண்டு என்கிறது. அது பிராமணர் சபை, படிப்பும் வேதப் படிப்பு. ஆனாலும் நிலக் குறைவைக் கல்வியால் ஈடுகட்டலாம் என்ற கணக்கு அன்றே இருந்திருக்கிறது.

பிளஸ் 1-இல் எந்தக் குரூப்?

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் தவறு நேருவது இங்கேதான். பக்கத்துப் பள்ளியில் கிடைத்த குரூப்பில் சேர்த்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வேளாண் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போகிறார்கள். வணிகவியல் குரூப் படித்தவருக்கு வேளாண் பட்டப் படிப்பும் கால்நடை மருத்துவமும் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மை நான்கு ஆண்டுப் படிப்பு. அறிவியல் பாடங்கள் தேவை. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் கட்டாயம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் 2 மதிப்பெண்ணே கணக்கு. பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் கிடைத்தால் எல்லா வாசலும் திறந்திருக்கும். பாடச் சுமை அதிகம்தான். பிள்ளையின் சக்தியைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை படித்தவர்களுக்கும் வேளாண் பட்டப் படிப்பில் ஒரு சிறு பங்கு இடம் உண்டு.

தறி மேல் ஆசையுள்ள பிள்ளைக்கும் படிப்பு இருக்கிறது. சேலத்தில் 1960-இல் மத்திய அரசு தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில், பத்தாவது தேறியவர் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கலாம். நெசவு, சாயம், டிசைன் எல்லாம் கற்பிக்கிறார்கள். உதவிக் கையாகத் தொடங்கும் பிள்ளைக்கும் இங்கே படித்து வரும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு என்ன செய்வது? அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்காக 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்காக 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவருக்கு வேளாண்மை, கால்நடை, பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவு வந்தபின் கூட்டம் அலைமோதும். ஏப்ரல் மாதமே, தேர்வு முடிந்த கையோடு மனுப் போட்டுவிடுவது நல்லது. ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் தகப்பனார் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அதற்கு முன்பே சரிபார்த்துக் கொள்ளவும்.