நஞ்சுண்ட ரோஜாக்கள்

ஆடுதீண்டாப்பாளையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்றொரு நஞ்சு உண்டு. மனிதரின் சிறுநீரகத்தைப் பாழாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். ஆனால் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் என்ற இரு பட்டாம்பூச்சிகள் முட்டையிடத் தேடி வருவது இந்தச் செடியையும் இதன் உறவான ஈஸ்வரமூலியையும்தான்!

இலையைத் தின்னும் புழு அந்த நஞ்சை உடலிலேயே சேர்த்து வைக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் உடல் பெரும்பாலும் கலைந்து புதிதாக உருவாகிறது. அப்போதும் நஞ்சு தொலைவதில்லை; சிறகு முளைத்த பட்டாம்பூச்சிக்கும் போய்ச் சேருகிறது. செந்நிற உடலே பறவைகளுக்கு எச்சரிக்கை. ஒருமுறை கொத்திக் கசந்த பறவை மறுமுறை கிட்டே வராது. அதனால் இவை மெல்ல, அவசரமின்றிப் பறக்கின்றன.

விரித்தால் இரண்டுமே ஏறக்குறைய 10 செ.மீ. அகலம். கிரிம்சன் ரோஸின் கரிய முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் செம்புள்ளிகள். காமன் ரோஸுக்கு வெள்ளைத் திட்டு பின்சிறகில் இருக்கும்.

இந்த வித்தியாசத்தை அப்படியே நகலெடுத்த மூன்றாவது பட்டாம்பூச்சி ஒன்றும் இருக்கிறது: கறிவேப்பிலை அழகி. கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் தின்று வளரும் அதன் உடலில் இந்த நஞ்சு கிடையாது. ஆண்களுக்கு ஒரே தோற்றம். பெண்களுக்கோ மூன்று: ஒன்று ஆணைப் போல, ஒன்று காமன் ரோஸ் போல, இன்னொன்று கிரிம்சன் ரோஸ் போல. ஒரு தாயின் மகள்களே வெவ்வேறு வேடத்தில் பிறக்கலாம். நஞ்சில்லாத உயிர் நஞ்சுள்ளதன் சாயலில் தப்பிப்பதற்குப் 'போலித்தோற்றம்' என்று பெயர். பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பை வகுக்கும் டபுள்செக்ஸ் மரபணுவே இந்த வேடத்தையும் தீர்மானிக்கிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே மரபணுவுக்கு இரண்டு வேலை! இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. அசலைவிடப் போலிகள் பெருகிவிட்டால் பறவைகள் துணிந்து கொத்தத் தொடங்கும். போலி பிழைக்க அசல் ஏராளமாக இருக்க வேண்டும்.

காமன் ரோஸ் இந்தியாவிலிருந்து ஜப்பானின் தென்கோடித் தீவுகள்வரை பரவியிருக்கிறது. கிரிம்சன் ரோஸுக்குத் தெற்காசியா மட்டுமே வீடு. இங்கே அது சாதாரணமாகக் கண்ணில் படும் என்றாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருந்த அதே பட்டியலில், நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. சிறிய எல்லைக்குள் வாழும் உயிருக்கு அந்த மதிப்பு தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் தடுப்பது வலை வீசும் கையை. வரப்போரத்து ஆடுதீண்டாப்பாளையைக் களையென்று பிடுங்கினாலும் களைக்கொல்லி அடித்தாலும், அடுத்த தலைமுறைப் புழுவுக்கு உணவு இல்லை. வேலியில் ஓர் ஈஸ்வரமூலிக் கொடியைப் படரவிட்டால் இரண்டு ரோஸ்களும் முட்டையிட வரலாம்; பக்கத்தில் கறிவேப்பிலை மரமும் நின்றால், அவற்றின் போலியும் வரலாம்.