ஒரு தாய் கேட்ட கேள்வி... ஐந்து வரிப் பட்டியல்... ஐ.சி.யூ-க்களை மாற்றிய கதை!

ஒன்றரை வயது ஜோஸி கிங், 2001 ஜனவரியில் வீட்டுக் குளியல் தொட்டியின் சுடுநீரில் வெந்துபோனாள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உலகமே மதிக்கும் மருத்துவமனை அது. புண்கள் ஆறி வந்தன. ஐ.சி.யூ-விலிருந்து வார்டுக்கும் மாற்றிவிட்டார்கள். இன்னும் சில நாள்களில் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நிலை.

ஆனால், குழந்தைக்கு அடங்காத தாகம். ஈரத்துணி கிடைத்தால் விடாமல் சப்பினாள். தாய் சோரல் கிங் இதைச் செவிலியர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றே பதில் வந்தது. உடலில் நீர் வற்றிப்போயிருந்ததை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஓபியாய்டு வகை வலி மருந்து இனி வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தும், மெத்தடோன் கொடுக்கப்பட்டது. ஜோஸியின் இதயம் நின்றுபோனது. பிப்ரவரி 22-ம் தேதி இறந்தாள்.

மருத்துவமனை தவற்றை ஒப்புக்கொண்டது. கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதியை அதே மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் ஜோஸியின் பெற்றோர், நோயாளிகளின் பாதுகாப்புக்காகச் செலவு செய்யச் சொல்லி! அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

சில ஆண்டுகள் கழித்து, அங்கே தீவிர சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட்டிடம் சோரல் ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்கு ஜோஸி இங்கே வந்திருந்தால், அவள் இறப்பதற்கான வாய்ப்பு குறைந்திருக்கிறதா? டாக்டர் தாங்கள் தொடங்கியிருக்கும் திட்டங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். சோரல் நிறுத்தினார். என்ன செய்கிறீர்கள் என்பதல்ல, பலன் என்ன என்பதுதான் அவர் கேட்டது. எண்ணிக்கையோடு சொல்லும் பதில் டாக்டரிடம் இல்லை.

மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று 1999-ல் வெளியான அறிக்கை ஒன்று சொன்னது. நாட்டுக்கே கணக்கு இருந்தது. ஆனால், ஒரு குறிப்பிட்ட வார்டு போன வருடத்தைவிட இந்த வருடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரித்தார்கள்.

ப்ரோனோவோஸ்ட் அளந்து பார்க்க எடுத்துக்கொண்டது, சென்ட்ரல் லைன். கழுத்து, தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதி போன்ற இடங்களில் பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாய் இது. ஐ.சி.யூ நோயாளிக்கு மருந்து போக இது அவசியம். ஆனால், இதன் வழியே கிருமி நுழைந்தால் நேராக ரத்தத்தில் கலந்துவிடும்.

2001-ல் ஒரே தாளில் அவர் எழுதியது ஐந்தே வரிகள். சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். நோயாளியின் தோலைக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் சுத்தம் செய்ய வேண்டும். உடல் முழுக்க ஸ்டெரைல் துணியால் மூட வேண்டும். டாக்டர் தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை அணிய வேண்டும். குழாய் போட்ட இடத்தில் ஸ்டெரைல் டிரெஸ்ஸிங் போட வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவருக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான். அப்புறம் எதற்குப் பட்டியல்?

ஒரு மாதம் செவிலியர்களைக் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம், டாக்டர்கள் ஏதாவது ஒரு படியையாவது விட்டிருந்தார்கள். அலட்சியம் மட்டும் காரணமல்ல. தேவையான பொருள்கள் எட்டு இடங்களில் சிதறிக்கிடந்தன. அவசரத்தில் யார் எட்டு அலமாரியைத் திறப்பார்கள்? எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள்.

அடுத்ததுதான் பெரிய மாற்றம். டாக்டர் ஒரு படியைத் தாண்டினால், செவிலியர் 'நிறுத்துங்கள்' என்று சொல்லலாம், நிர்வாகம் செவிலியர் பக்கம் நிற்கும் என்று அறிவித்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரை எதிர்த்து நர்ஸ் பேசுவது எந்த ஊரிலும் சாதாரண விஷயமில்லை. பட்டியலைவிட இந்த அனுமதிதான் அதிகம் வேலை செய்தது என்று தோன்றுகிறது. குழாய் போட்ட பத்து நாள்களில் தொற்று வரும் விகிதம் 11 சதவிகிதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி என்பதால் முடிந்தது என்றார்கள் சிலர். எனவே மிச்சிகன் மாநிலம் முழுக்க முயன்று பார்த்தார்கள். அளவுகோல், 1,000 'குழாய் நாள்களுக்கு' எத்தனை தொற்று என்பது. பத்து பேருக்குத் தலா ஐந்து நாள் குழாய் இருந்தால் 50 குழாய் நாள்கள். இப்படிக் கணக்கிட்டால்தான் சின்ன மருத்துவமனையையும் பெரிய மருத்துவமனையையும் ஒப்பிட முடியும். 103 ஐ.சி.யூ-க்களில் சராசரி 7.7-லிருந்து, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. 2006-ல் முடிவுகள் வெளியாகின. அடுத்த ஆண்டே, நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்காமல் ஆராய்ச்சி செய்ததாக அரசு அலுவலகம் ஒன்று திட்டத்துக்குத் தடை போட்டது தனிக்கதை. எதிர்ப்பு கிளம்ப, சில வாரங்களில் தடை விலகியது.

இங்கிலாந்தும் மிச்சிகனைப் பின்பற்றியது. பெரியவர்களுக்கான ஐ.சி.யூ-க்களில் விகிதம் 3.7-லிருந்து 1.48 ஆகக் குறைந்தது. ஆனால், திட்டம் இன்னும் தொடங்காத ஐ.சி.யூ-க்களிலும் அதேபோலக் குறைந்திருந்தது! ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதிலேயே ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வழக்கம். ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி அனுப்பும் ஐ.சி.யூ-வில் தொற்று அதிகம் பிடிபடும். அனுப்பாத இடம் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். எண் குறைவாக இருப்பதாலேயே ஓர் ஆஸ்பத்திரியை நல்லது என்று சொல்லிவிட முடியாது என்பது இதனால்தான்.

சோரலின் முயற்சியால் இன்னொரு ஏற்பாடும் வந்தது. பிட்ஸ்பர்க்கில் உள்ள யு.பி.எம்.சி ஷேடிசைடு மருத்துவமனை, 2005-ல் 'கண்டிஷன் ஹெச்' என்ற முறையைத் தொடங்கியது. ஹெச் என்றால் ஹெல்ப். நோயாளியின் நிலை மோசமாகிறது, சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று குடும்பத்தினருக்குத் தோன்றினால், அவர்களே போனில் அழைக்கலாம். உடனே ஒரு குழு படுக்கைக்கு வந்து பார்க்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சும்மா சும்மா அழைப்பார்களோ என்ற பயம் ஆரம்பத்தில் இருந்தது. அப்படி நடக்கவில்லை. பிறகு வேறு பல மருத்துவமனைகளும் இதே முறையை எடுத்துக்கொண்டன.