ஏறி வரும் வண்டிக்கு முதல் வழி

அனிமஸ் ஃபோர்க்ஸ் என்ற மலை ஊரில் 1879-ல் கட்டிய டங்கன் வீடு இன்னும் நிற்கிறது. மரத்தாலான இரண்டு மாடி வீடு. முன்பக்கம் வெளியே தள்ளிக் கட்டிய பெரிய ஜன்னல். அதன் வழியே பார்த்தால் பாறை, புல், அதற்கும் மேலே பாறை. 11,200 அடி உயரத்தில், மரமே வளரத் தயங்குகிற இடத்தில், அழகுக்காக ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள் என்றால் பிழைத்துவிடுவோம் என்று எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

அமெரிக்காவில் கொலராடோவின் சான் ஹுவான் மலைக்கு வெள்ளி தேடி வந்தவர்கள் 1873-ல் இங்கே குடிசை போட்டார்கள். பத்தே ஆண்டில் 450 பேர். ஓட்டல், மளிகைக் கடை, சாராயக் கடை, தபால் நிலையம். பனிக்காலம் நெருங்கினால் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு 12 மைல் கீழே சில்வர்டனுக்கு இறங்கிவிடுவார்கள். 1884-ல் 23 நாள் ஓயாத பனிப்புயல். 25 அடி பனி. வீட்டுக்கு வீடு போகப் பனிக்குள்ளேயே சுரங்கம் தோண்டினார்கள். பழகிய கைதானே!

1904-ல் ரயில் வந்தது, தாது அரைக்கும் கோல்ட் பிரின்ஸ் ஆலையும் வந்தது. 1910-ல் ஆலை மூடியது. 1920-களில் ஊரில் ஆளில்லை.

இன்று கோடையில் ஜீப்புகள் வருகின்றன. சில்வர்டனைத் தாண்டியதும் தார் முடிந்து ஜல்லியும் குழியும். ஊருக்கு அப்பால், 12,640 அடி சின்னமன் கணவாய்க்கு ஏற ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காது. லோ கியரில் எஞ்சின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். கொல்லிமலை ஏறியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அன்று கோவேறு கழுதைகள் வெள்ளித் தாதுவைச் சுமந்து இறங்கிய மலையில், இன்று குலுங்குவதற்காகவே காசு கொடுத்து ஜீப் எடுக்கிறோம்.

பனி மட்டும் மாறவில்லை. அது விழுந்ததும் பாதை அடைபடுகிறது. கோடைத் தொடக்கத்தில் இயந்திரம் வைத்துத் தள்ளினால்தான் திறக்கும். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே போங்கள். பிற்பகலில் இடி மின்னல் வரும், காலையிலேயே கிளம்புங்கள். தரையில் துருப்பிடித்த ஆணி கிடந்தாலும் எடுத்து வராதீர்கள்.