கம்பியை மறைக்கலாம், வெப்பத்தை மறைக்க முடியுமா?

கடந்த தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் புதிதாகக் குடிபோன வரிசை வீடு அது. வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சி, அதைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகள், மூலையில் ஒரு சப்வூஃபர். ஆனால் ஒரு கம்பிகூடக் கண்ணில் படவில்லை.

"எப்படி அத்தான்?" என்று கேட்டேன்.

"எல்லாம் கம்பளத்துக்கு அடியில் போய்விட்டது, தம்பி" என்றார் பெருமையாக.

பாட்டைப் போட்டார். மூன்று விஷயங்கள் என் கவனத்துக்கு வந்தன. பின்பக்க ஒலிபெருக்கிகளின் ஒலி மிகவும் மெலிந்திருந்தது. மிருதங்கத்தின் கனத்த அடி காணாமல் போயிருந்தது. மூன்றாவதைக் காதால் அல்ல, காலால் உணர்ந்தேன். சோபாவுக்குப் பக்கத்தில் கம்பளத்தை மிதித்தபோது ஓரிடம் வெதுவெதுப்பாக இருந்தது.

இந்த மூன்றுக்கும் விடை உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒலி ஏன் மெலிந்தது?

கம்பளத்துக்கு அடியில் மேடு தெரியக் கூடாது என்பதற்காக, வீட்டில் மிச்சமிருந்த தொலைபேசிக் கம்பியை அத்தான் பயன்படுத்தியிருந்தார். அதன் உள்ளே இருக்கும் செம்பின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான்.

ஒவ்வொரு கம்பியும் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கிறது. பள்ளியில் 'ரிந்தாங்கான்' என்று படிக்கிறீர்களே, அந்த மின்தடைதான் இது. கம்பி நீண்டால் மின்தடை கூடும். கம்பி தடித்தால் குறையும். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.017 ஓம். ஆகவே கணக்கு எளிது:

மின்தடை = 0.017 × நீளம் (மீட்டர்) ÷ பரப்பு (சதுர மில்லிமீட்டர்)

பின்பக்க ஒலிபெருக்கி ஆம்பிளிஃபையரிலிருந்து நேராக அளந்தால் 6 மீட்டர் தூரம்தான். ஆனால் மறைக்க வேண்டும் என்றால் கம்பி சுவரோரமாகச் சுற்றித்தானே போக வேண்டும்? அதனால் 15 மீட்டர் ஆகிவிட்டது. மின்னோட்டம் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் கணக்கில் 30 மீட்டர். 0.5 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பரப்பு ஏறக்குறைய 0.196 சதுர மில்லிமீட்டர். இப்போது கணக்கிட்டால் மின்தடை 2.6 ஓம்.

ஒலிபெருக்கியின் தடை 8 ஓம். ஆக மொத்தம் 10.6 ஓம். ஆம்பிளிஃபையர் தரும் மின்னழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு கம்பியிலேயே செலவாகிவிடுகிறது. திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் ஒலிபெருக்கிக்குக் கிடைக்க வேண்டிய திறனில் ஏறத்தாழ 57 விழுக்காடுதான் போய்ச் சேர்கிறது.

கம்பியின் மின்தடை ஒலிபெருக்கியின் தடையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் பலர் பின்பற்றும் பொது விதி. 8 ஓமுக்கு அது 0.4 ஓம். 30 மீட்டருக்கு எவ்வளவு பரப்பு தேவை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 1.3 சதுர மில்லிமீட்டர் வரும். கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி கேட்டு வாங்கினால் போதும். விலை உயர்ந்த 'சிறப்பு' கம்பி தேவையில்லை.

மிருதங்கம் எங்கே போனது?

ஒலிபெருக்கியில் சிவப்பு, கருப்பு என இரண்டு முனைகள் உண்டு. ஆம்பிளிஃபையரின் சிவப்பு முனை ஒலிபெருக்கியின் சிவப்பு முனையோடு சேர வேண்டும். கம்பியை மறைத்தபோது எந்த முனை எது என்பது குழம்பிப் போய், முன்பக்க இடது ஒலிபெருக்கியை அத்தான் மாற்றி இணைத்துவிட்டார்.

விளைவு என்ன? வலது ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி வரும்போது இடது கூம்பு பின்னோக்கிப் போகிறது. ஒன்று காற்றை அழுத்த, மற்றொன்று தளர்த்துகிறது. இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் பெரியது. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 3 மீட்டருக்கும் மேல். எனவே அறையின் பெரும்பகுதியில் அந்த அழிவு நடக்கிறது. கனத்த அடி காணாமல் போனதற்கு இதுதான் காரணம். இரண்டாவது குறை, இரண்டு நிமிட வேலையில் சரியானது.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வரலாம். ஒரு கம்பி 5 மீட்டர், இன்னொன்று 15 மீட்டர் என்றால் ஒலி முன்பின்னாக வராதா? வராது. கம்பியில் மின்குறிப்பு ஒளியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் செல்கிறது. அந்த 10 மீட்டர் வேறுபாட்டைக் கடக்கும் நேரத்தில், காற்றில் ஒலி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட நகர்ந்திருக்காது.

கம்பளம் ஏன் சுட்டது?

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒலிபெருக்கிக் கம்பிகளோடு சேர்த்து, மின்சார நீட்டிப்புக் கம்பியையும் அத்தான் அங்கேயே மறைத்திருந்தார். சோபாவின் கால் அதன்மேல் ஏறி நின்றது. கம்பி நசுங்கியிருந்தது. அதன் மறுமுனையில் தொலைக்காட்சி, சப்வூஃபர், கூடவே விருந்தினருக்குத் தேநீர் கலக்க 2,000 வாட் வெந்நீர்க் கலன்.

இரண்டும் கம்பிதான். இரண்டும் ஒரே கம்பளத்துக்கு அடியில்தான். ஆனால் ஒன்று சுடவில்லை, மற்றொன்று சுடுகிறது. ஏன்?

கம்பியில் உண்டாகும் வெப்பம் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை.

வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஓர் ஒலிபெருக்கிக்குச் சராசரியாக 1 வாட் போதும். அப்போது மின்னோட்டம் ஏறக்குறைய 0.35 ஆம்பியர். வெந்நீர்க் கலனோ 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. மின்னோட்டம் 25 மடங்கு. ஒரே அளவு மின்தடையில் வெப்பம் 25 × 25, அதாவது 625 மடங்கு!

திறந்த வெளியில் கிடந்தால் இந்த வெப்பத்தைக் காற்று கொண்டுபோய்விடும். கம்பளமோ போர்வைபோல அதைத் தேக்கி வைக்கிறது. நசுங்கிய இடத்தில் செம்பு இழைகள் சில அறுந்திருந்தால், மின்னோட்டத்துக்கு அங்கே வழி குறுகிவிடும். செருகி தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒரே புள்ளியில் 0.1 ஓம் கூடினால்கூட அங்கே மட்டும் 7 வாட்டுக்கு மேல் வெப்பம் தேங்கும். பிளாஸ்டிக் உறை மெல்ல இளகும், கருகும்.

"ஃபியூஸ் இருக்கிறதே, தம்பி?" என்றார் அத்தான். நல்ல கேள்விதான். ஆனால் நம் வீட்டுச் செருகியில் பொதுவாக இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். இங்கே ஓடுவதோ அதைவிடக் குறைவு. ஃபியூஸின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மின்கசிவைக் கண்டறியும் பாதுகாப்புச் சுவிட்சும், கசிவு ஏற்படாத வரை விழாது. மறைவில் தேங்கும் வெப்பத்தைக் கண்டுபிடிக்க அன்று என் காலைத் தவிர வேறு கருவி அந்த வீட்டில் இல்லை.

சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பிக்கும் இதே கதைதான். அதிக மின்சாரம் இழுக்கும் கருவியை இணைக்கும் முன் சுருளை முழுவதும் பிரித்துவிட வேண்டும்.

அப்படியானால் எப்படி மறைப்பது?

ஒலிபெருக்கிக் கம்பியைச் சுவரோரமாக, ஒட்டக்கூடிய பிளாஸ்டிக் கேசிங்கில் போடுங்கள். சுவரின் நிறத்தையே அதற்கும் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. மறைக்கும் முன் கம்பியின் இரு முனைகளிலும் நிற நாடா ஒட்டுங்கள். மின்சாரக் கம்பி ஓடும் அதே குழாய்க்குள் ஒலிக் கம்பியை நுழைக்கக் கூடாது. சப்வூஃபருக்குப் போகும் மெல்லிய குறிப்புக் கம்பி மின்சாரக் கம்பியோடு நீண்ட தூரம் ஒட்டிச் சென்றால், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் புகலாம். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். சுவருக்குள் புதிய மின்சார இணைப்பு வேண்டுமானால், அது தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளரின் வேலை. நம் வேலை அல்ல.

செய்து பாருங்கள்

ஒலிபெருக்கிக் கம்பியை ஆம்பிளிஃபையரிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். 'டப்' என்று ஒலி கேட்கும். பேட்டரியின் நேர்முனை சிவப்புக் கம்பியில் பட்டபோது கூம்பு முன்னோக்கி நகர்ந்தால் இணைப்பு சரி. பின்னோக்கிப் போனால் எங்கோ மாறியிருக்கிறது. சாதாரண பேட்டரியை மட்டுமே பயன்படுத்துங்கள். சுவர் மின்சாரத்தின் பக்கமே போக வேண்டாம்.

அன்று மாலையே வெந்நீர்க் கலன் சமையலறைச் சுவர்ச் செருகிக்குப் போனது. நசுங்கிய நீட்டிப்புக் கம்பி குப்பைக்குப் போனது. புதியது சுவரோரமாக, எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது. அக்காவுக்கு அது கொஞ்சம் அழகுக் குறைதான். "பரவாயில்லை, தெரிந்தே இருக்கட்டும்" என்றார்.

இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவோடு சேர்ந்து ஒரு முறை கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். அங்கே என்ன கம்பி இருக்கிறது, அதில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று கேளுங்கள். ஓம் விதி தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதல்ல.