எடை அல்ல, பட்டையே வைரம்

செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில், வரைபடத்தின் கோணத்திலிருந்து பிசகிய உதிரிபாகம் தர ஆய்வில் கழிக்கப்படுகிறது. பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைரத் தோடு வாங்கும்போதும் அதே கண்டிப்பு வேண்டும் என்பேன். நம் குடும்பங்களில் கேரட் எடையையும் தோஷத்தையும் பார்க்கிறார்கள். பட்டை தீட்டிய தரத்தைக் கேட்பவர் அரிது.

வட்ட வைரத்துக்கு 57 அல்லது 58 பட்டைகள். மேலே நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் எதிரொளித்து மேலேயே திரும்பினால்தான் கல் மின்னும். மேற்பகுதிக்கு 34.5 பாகை, அடிப்பகுதிக்கு 40.75 பாகை என 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டார். அடி மிக ஆழமானால் நடுவில் இருள் படியும். மிகத் தட்டையானால் மீன்கண் போல வெளிர்வளையம் தெரியும்.

விலை கேரட் கணக்கில் பேசப்படுவதால், எடையைக் காக்க ஆழமாகத் தீட்டும் ஆசை எழுகிறது. நன்கு தீட்டிய 1 கேரட் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். அது கணிசமாகக் குறைந்தால், நீங்கள் பணம் கொடுத்த எடை அடியில் மறைந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஜிஐஏ ரத்தினவியல் நிறுவனம் 2006 முதல் வட்ட வைரங்களுக்கு 'எக்ஸலன்ட்' முதல் 'புவர்' வரை ஐந்து பட்டைத் தரங்களை வழங்குகிறது. சான்றிதழில் அந்த வரியை முதலில் படியுங்கள். பிறகு கடை விளக்கை விட்டு விலகி, பகல் வெளிச்சத்தில் கல்லை அசைத்துப் பாருங்கள்.