ஆடும் பக்கெட்

பெங்களூரில் கேபிள் பதிக்கவும் சாக்கடை தோண்டவும் தெருத்தெருவாகச் சுற்றி வரும் சிறிய மண் தோண்டும் இயந்திரத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மினி எக்ஸ்கவேட்டர் என்று பெயர். கம்பெனி எதுவானாலும் நம் ஆட்களுக்கு அது 'குட்டி ஹிட்டாச்சி'தான்! அதை ஓட்டுகிறவர்களிலும், அதன் எதிரே குழியில் இறங்கி மண் வாருகிறவர்களிலும் தமிழர்கள் ஏராளம்.

நான் ஒரு கான்டிராக்டரிடம் கணக்கு எழுதுகிறவன். மெக்கானிக் அல்ல. ஆனாலும் இதை எழுதக் காரணம் உண்டு. ஒரே வண்டிக்கு மூன்று மாதத்தில் நான்கு முறை வெல்டிங் செலவு என்று வவுச்சர் வந்தது. "சார், பக்கெட் ரொம்ப ஆடுது. புதுப் பின் வாங்கணும்" என்று ஆபரேட்டர் இரண்டு தடவை கேட்டார். "வெல்டிங்கிலேயே பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். பிறகு ஒரு நாள் காலை அந்த வண்டியின் பக்கெட் கழன்று குழிக்குள் விழுந்தது. உள்ளே நின்ற ஹெல்ப்பர், தர்மபுரிப் பையன், டீ குடிக்க மேலே ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டியோடு நானும் பட்டறைக்குப் போனேன். பழுது பார்த்தவர் சேலத்துக்காரர், வயதானவர். அவர் காட்டிக் கொடுத்ததைத்தான் சொல்கிறேன்.

கொக்கியும் கொண்டியும்

இயந்திரத்தின் கையோடு பக்கெட்டை இணைப்பது குவிக் கப்ளர். பக்கெட்டில் இரண்டு பின்கள் இருக்கும். ஒன்றைக் கப்ளரின் கொக்கி பிடித்துக்கொள்ளும். மற்றதை நகரும் கொண்டி பூட்டும். கொண்டியைத் தள்ளுவது சில வண்டிகளில் ஸ்பிரிங், சிலவற்றில் திருகு, சிலவற்றில் ஹைட்ராலிக் சிலிண்டர். பல கப்ளர்களில், பூட்டிய பிறகு கையால் நுழைக்க வேண்டிய பாதுகாப்புப் பின் ஒன்றும் உண்டு. 2016-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 13031 என்ற சர்வதேசத் தரம் இந்தக் கப்ளர்களின் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது.

கிரீஸ் வைக்காவிட்டால் பின்னும் புஷ்ஷும் தேயும். பக்கெட்டைப் பக்கவாட்டில் வீசி மண் நிரவினாலும் தேயும். (சீக்கிரம் வேலை முடியும் என்று எல்லோரும் செய்வதுதான்!) 2 மி.மீ. தேய்மானம்தானே என்று தோன்றும். இரண்டு பின்களுக்கும் இடையே 200 மி.மீ., பல் நுனி 700 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றால், நுனியில் அது 7 மி.மீ. ஆட்டமாகத் தெரியும்.

எங்கே ஆடுகிறது?

"ஆடுதுன்னதும் வெல்டிங் ராடை எடுக்கிறாங்க தம்பி. எங்கே ஆடுதுன்னு பார்க்கிறதில்லை" என்றார் பெரியவர். பக்கெட்டைச் சமதரையில் பதித்து, எஞ்சினை நிறுத்தி, ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றினார். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் கடப்பாரை கொடுத்து நெம்பினார். இடைவெளி எங்கே திறக்கிறதோ அங்கேதான் தேய்மானம்.

பக்கெட் காதுக்கும் கப்ளருக்கும் நடுவே பக்கவாட்டு இடைவெளி என்றால் ஷிம் வாஷர் போதும். கப்ளருக்கு மேலே, கையின் நுனியில் ஆடினால் புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்துப் புதிது போட வேண்டும். துளையே முட்டை வடிவமாகியிருந்தால் வெல்டிங்கில் நிரப்பி, போரிங் செய்ய வேண்டியதுதான். பீன்யாவில் அதற்கான பட்டறைகள் உண்டு.

எங்கள் வண்டியில் குற்றம் பக்கெட் பின்னில் இருந்தது. வெர்னியரை வைத்துக் காட்டினார். காதுக்குள் இருக்கும் பாகம் 40 மி.மீ. கொக்கி பிடிக்கும் பாகம் 37!

அந்த மெலிந்த பின்னுக்குத் தகுந்தாற்போல், நான்கு முறையும் கொக்கிக்குள் வெல்டிங் வைத்து நிரப்பியிருக்கிறார்கள். ஆட்டம் நின்றது. ஆனால் அன்று காலை மாட்டியது வேறு பக்கெட், அகலம் குறைந்தது. அதன் பின் தேயாதது, முழு 40. கொக்கிக்குள் அது முழுதாக உட்காரவில்லை. கொண்டி பாதிதான் பூட்டியது. துளை நேராக வராததால் பாதுகாப்புப் பின்னும் நுழையவில்லை. அவசரத்தில் அதை விட்டுவிட்டார்கள்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது பின்தான். விலை குறைந்ததும் அதுதான். புதுப் பின் போட்ட பிறகும் கொக்கியில் ஆடினால்தான் கொக்கியைத் தொட வேண்டும். அதுவும் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால். வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் பின், புஷ் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும்.

எங்கள் கொக்கியில் பழைய வெல்டிங்கை அரைத்து எடுத்தபோது அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தது. கப்ளரையே மாற்றும்படி ஆயிற்று. நான் மறுத்த பின் செலவைப் போல அது எத்தனை மடங்கு என்பதை முதலாளி என்னிடம் நேரிலேயே கேட்டார்.

இப்போது பக்கெட் மாட்டியதும் ஆபரேட்டர் கீழே இறங்கிக் கொண்டியைக் கண்ணால் பார்க்கிறார். பாதுகாப்புப் பின்னை நுழைக்கிறார். பக்கெட்டை உயரத் தூக்காமல், தரையில் அழுத்தி, சுருட்டி, இழுத்துப் பார்க்கிறார். அதுவரை குழியில் யாரும் இறங்குவதில்லை. பக்கெட் தலைக்கு மேலே வரும்போதும் ஆள் உள்ளே நிற்பதில்லை. தினமும் காலையில் கிரீஸ்.

தர்மபுரிப் பையன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தான். அளவு டேப் பிடிக்கும் வேலை கேட்டான், கொடுத்திருக்கிறோம்.